ஒத்துக்கலன்னு எழுது

அவருடைய நீல ஏப்ரனின் இடது பையில் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் தாள் இருக்கும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாகச் சிவப்பு அம்புகள். தைத்து முடித்த சட்டை அவர் மேசைக்கு வரும். ட்யூப்லைட்டுக்குக் கீழே காலரைத் தூக்கிப் பார்ப்பார், கையை உள்ளும் புறமும் திருப்புவார், பட்டன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவுவார். தையல் விட்டுப்போன இடத்தைக் காட்டி ஓர் அம்பை ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்புவார். அப்படித் திரும்பிப் போகும் சட்டைக்கு எங்கள் கம்பெனியில் 'ஆல்டர்' என்று பெயர். சரிசெய்து கொண்டுவந்தால் மறுபடி பார்ப்பார். சரியாக இருந்தால் தன் கையாலேயே அம்பை உரித்தெடுப்பார்.

யார் தைத்தது என்று பார்க்க மாட்டார். அவருடைய நாத்தனாரும் அதே லைனில் தையல் மிஷினில் இருந்தார். அவர் தைத்ததும் ஆல்டருக்குப் போகும். மதியம் இருவரும் ஒரே டிபன் கேரியரைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவர் அதைக் கண்டுகொள்ளாமல் அவர் சோற்றில் குழம்பை ஊற்றுவார்.

அந்த அம்புகளில் ஒன்று ஒருநாள் என்மேலும் ஒட்டப்பட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஏற்றுமதிக் கம்பெனி அது. பெயர் வேண்டாம். அவர் பெயரையும் எழுதப்போவதில்லை. அதற்குக் காரணம் கடைசியில் வரும். லைனில் எல்லாருக்கும் அவர் 'செக்கிங் அக்கா'. வயது நாற்பதுக்குள்தான். முடிச்சூரில் வீடு.

"எனக்கு அப்டி தோணல." அவர் வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வரும் வாக்கியம் இது. கோபமாகச் சொல்ல மாட்டார். கடையில் தக்காளியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கூடையில் திரும்ப வைப்பதுபோலச் சொல்வார். சூப்பர்வைசர், "இந்த லாட் சூப்பரா வந்திருக்குக்கா" என்பார். "எனக்கு அப்டி தோணல சார்." மேகமே இல்லாத வானத்தைப் பார்த்து யாராவது இன்று மழை வராது என்று சொல்லிவிட்டால் போதும், குடையை எடுத்துக் காட்டுவார். மழை வராது. மறுநாளும் குடையோடு வருவார்.

லைனில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை போட்டோவைச் செல்போனில் சுற்றுக்கு விட்டாள். எல்லாரும் ஜோடிப் பொருத்தம் பிரமாதம் என்றார்கள். போன் அக்காவிடம் வந்தது. நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"எனக்கு அப்டி தோணல. இவன் சிரிக்கச் சொன்னதுக்கு சிரிச்சிக்கிறான்."

அந்தப் பெண் பாத்ரூமில் போய் அழுதாள். இன்றைக்கு அவள் அந்தப் பையனோடு நன்றாகத்தான் இருக்கிறாள். அக்காவுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. பாதி தடவை தப்பாகத்தான் சொல்வார். ஆனால் தோன்றாததைத் தோன்றுவதாக ஒருதடவையும் சொன்னதில்லை.

நான் அங்கே போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அனகாபுத்தூரில் எங்கள் சந்தில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆளும் நான்தான். அப்பா பெயின்ட் அடிக்கப் போவார். அம்மா குரோம்பேட்டையில் ஒரு துணிக்கடையில் கூட்டிப் பெருக்குகிறார். நான் ஆங்கில இலக்கியம் படித்தேன். கம்பெனியின் ஹெச்.ஆர். ஆபீஸில் ஆறு மாதத் தகுதிகாண் காலத்தோடு வேலை கிடைத்தது. லைனில் இருந்த பெண்கள் என்னை 'மேடம்' என்றார்கள். முதல் நாள் அது யாரையோ என்று திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் நாளிலிருந்து எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

என் வேலைகளில் ஒன்று மாதாந்திரக் கமிட்டி மீட்டிங்கில் உட்கார்ந்து குறிப்பெழுதுவது. ஒரு பக்கம் மேனேஜர்கள், இன்னொரு பக்கம் தொழிலாளர் தரப்பில் ஐந்து பெண்கள். நடுவில் டீயும் சமோசாவும். பேச்சு தமிழில்தான் நடக்கும். குறிப்பு மட்டும் ஆங்கிலத்தில். காரணம், சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பும் ஆடிட்டர் வந்து அதைப் படிப்பார். கெட்டி அட்டை போட்ட பெரிய ரிஜிஸ்டர். பக்கங்களில் எண் அச்சடித்திருக்கும், கிழித்தால் தெரிந்துவிடும். மீட்டிங்குக்கு மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போய் ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். அவர்கள் அதைப் படிக்க மாட்டார்கள். நான் விரல் வைக்கும் இடத்தில் போடுவார்கள். அதுதான் வழக்கம்.

"பாசிட்டிவா எழுதும்மா," என்று எங்கள் ஹெச்.ஆர். சார் முதலிலேயே சொல்லியிருந்தார். "மினிட்ஸ்ங்கறது சண்டை போட்டத எழுதற இடம் இல்ல. முடிவு என்ன ஆச்சுங்கறத எழுதற இடம்." குரலை உயர்த்தாதவர். எனக்குச் சாப்பாட்டு நேரத்தை ஞாபகப்படுத்தும் மனிதர். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் எழுதிய பக்கங்களைப் பார்த்தேன். எல்லா மாதமும் ஒரே மாதிரி முடிந்தன: அனைவரும் ஒத்துக்கொண்டார்கள், நிர்வாகத்துக்கு நன்றி தெரிவித்தார்கள். நானும் அதையே எழுதி, தேதியை மாற்றி, மேசை மேசையாகப் போனேன்.

செக்கிங் அக்கா பேனாவை வாங்கவில்லை.

"இன்னா எழுதிக்கிற?"

"நேத்து மீட்டிங்ல பேசினதுதான்க்கா."

"அத்தத்தான் கேக்குறேன். படி."

"இங்கிலீஷ்ல இருக்குக்கா."

"தமிழ்ல படி. படிச்ச பொண்ணுதானே?"

படித்தேன். கேன்டீன் சாப்பாடு திருப்தி என்று அனைவரும் ஒத்துக்கொண்டார்கள் என்ற இடத்தில் அவர் சட்டையைக் கீழே வைத்தார்.

"நான் எப்போ ஒத்துகினேன்? சாம்பார்ல பருப்பு எங்க கீதுன்னு தேடிப் பாக்க ஒரு ஆள் போடுங்கன்னு சொன்னனே, அது எங்க?"

பக்கத்து மேசைகளில் சிரிப்பு. ஏப்ரன் பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்தார். அந்த வரிக்கு நேராக ஓர் அம்பை ஒட்டி ரிஜிஸ்டரை என்னிடம் தள்ளினார்.

"ஆல்டர்."

ஆபீஸில் அதை உரிக்கப் பார்த்தேன். துணியில் தடமே இல்லாமல் வருகிற ஸ்டிக்கர், காகிதத்தில் மேல்தோலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தது. சார் பார்த்தார். "பருப்புதானே? எழுதிட்டுப் போம்மா," என்று சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு உண்மையான சிக்கல் ஆரம்பித்தது. கல்லூரியில் மாற்றுக் கருத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதற்குத் தனியாக ஒரு பாடமே இருந்தது. 'ஹவெவர்', 'இன் ஹெர் ஒபினியன்', 'ஆன் தி அதர் ஹேண்ட்' எல்லாம் வரிசையாக மனப்பாடம் செய்து, செல்போன் நல்லதா கெட்டதா என்று எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். அதில் வரும் 'ஹெர்' என்பவள் யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பருப்பின் அளவு குறித்து உறுப்பினருக்கு மாற்றுக் கருத்து உள்ளது என்று அழகான ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போய்த் தமிழில் படித்துக் காட்டினேன்.

"இது நான் பேசின மாதிரியா கீது கண்ணு? ரிட்டைர் ஆன வாத்தியார் பேசற மாதிரி கீது. தேடறதுக்கு ஆள் போடணும்னு சொன்னேன். அந்த ஆள் எங்க போனான்?"

மூன்றாவது தடவை அந்த ஆளை ஆங்கிலத்தில் கொண்டுவந்துவிட்டேன். பருப்பைத் தேடுவதற்கென்று நிர்வாகம் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று இந்த உறுப்பினர் கருதுகிறார். அப்படியே தமிழில் சொன்னதும் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். தமிழில், பெரிய எழுத்துகளாக, கோட்டுக்கு மேலே ஏறிப் போகும் கையெழுத்து.

அதன் பிறகு எல்லா மாதமும் இது நடந்தது. டீ இடைவேளையில் நான் ரிஜிஸ்டரோடு அவர் மேசைக்குப் போவேன். ஒவ்வொரு வரியின் கீழும் விரலை நகர்த்திக்கொண்டே தமிழில் சொல்வேன். லைன் பெண்கள் டம்ளரோடு சுற்றி நிற்பார்கள். அவர் பேசியதை இங்கிலீஷில் அதே காரத்தோடு எழுதுவது எனக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. இரவலாக வாங்கி வந்த மொழியில் முதல் தடவையாக என் சொந்த வேலை ஒன்றைச் செய்வதுபோல இருந்தது. அவர் சந்தோஷமாக இருக்கும்போது என்னைக் 'கண்ணு' என்பார். தப்புக் கண்டுபிடிக்கும்போது 'மேடம்' என்பார். மற்றவர்கள் சொல்கிற மேடத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டது.

ஒரு மாதம் கேன் தண்ணீரை நிறுத்திவிட்டுச் சுத்திகரிப்பு மிஷின் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. அக்கா எதிர்த்தார். ரெண்டே மாதத்தில் மிஷின் கெட்டுப்போகும், யாரும் சரிபண்ண மாட்டீர்கள், நாங்கள் வீட்டிலிருந்து பாட்டில் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும் என்றார். ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். மிஷின் வந்தது. கெட்டுப்போகவில்லை. வெயில் காலத்தில் ஜில்லென்று தண்ணீர் வந்தது. ரெண்டு மாதம் தாண்டி நடந்த மீட்டிங்கின் கடைசியில் அவர் கையைத் தூக்கினார்.

"தண்ணி மிஷின் விஷயத்துல நான் சொன்னது தப்பு சார். அத்தயும் எழுதச் சொல்லுங்க."

சார் சிரித்தார். "அதெல்லாம் எதுக்கும்மா? விடுங்க."

"இல்ல சார். நான் மாட்டேன்னு சொன்னது அந்த நோட்டுல கீது. அது தப்புன்னு தெரிஞ்சா அதுவும் அந்த நோட்டுலதான் இருக்கணும்."

எழுதினேன். அவருக்கு எதிராக அவரே சொன்ன கருத்து. மறுநாள் அதையும் விரல் வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். நாத்தனார் பக்கத்தில் நின்று, "அப்டி வா வழிக்கு," என்றார். "உன் சட்டைங்கோ விஷயத்துல நான் எதுவும் மாத்திச் சொல்லல," என்றார் அக்கா.

அந்த வருஷம் மழை கொட்டியது. முடிச்சூரில் தெருவெல்லாம் தண்ணீர். எங்கள் அனகாபுத்தூர் சந்தில் ஆற்றுத் தண்ணீர் வாசல்படி வரை வந்து, உள்ளே வராமல் திரும்பியது. கம்பெனி வாசலிலும் தண்ணீர் தேங்கியதால் மூன்று நாள் கேட்டை மூடிவிட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் அவசரக் கமிட்டி கூட்டம். மூன்று நாளுக்கு ஈடாக மூன்று ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வேலைக்கு வர வேண்டும் என்று சார் சொன்னார். ஆர்டர் கப்பலேற வேண்டும், கம்பெனியின் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள் என்றார்.

தொழிலாளர் பக்கம் நான்கு பேர் சமோசாத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் நாத்தனாரும் ஒருவர். அக்கா மட்டும் பேசினார்.

"கேட்டை மூடினது நீங்க சார். நாங்க லீவு கேக்கல. முட்டிக்கால் தண்ணில நடந்து மெயின் ரோட்டுக்கு வந்து, கேட்டு பூட்டிக்கீதுன்னு பாத்துட்டுத் திரும்பிப் போனவ நான். இப்போ வூட்ல பாய், தலகாணி, துணிமணி, புள்ளைங்க புக்கு எல்லாம் நனைஞ்சு கெடக்குது. காயப் போடறதுக்கு எங்ககிட்ட கீறது ஒரே ஒரு ஞாயித்துக்கெயம. அத்தக் குடுக்க மாட்டேன். குடுக்கறவங்க இருந்தா அவங்களக் கேட்டு வாங்கிக்குங்க. எனக்குப் பதிலா யாரும் சரின்னு சொல்ல வாணாம்."

"புரியுதும்மா, உங்க ஃபீலிங் புரியுது," என்றார் சார். மீட்டிங் முடிந்தது.

வராந்தாவில் என்னை நிறுத்தினார். "அடுத்த மாசம் ஆடிட் வருதும்மா. டிஸ்கஷனுக்கு அப்புறம் எல்லாரும் அக்ரீ பண்ணாங்கன்னு முடிச்சிடு. அப்புறம், உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் என் டேபிள்லதான் இருக்கு. இந்த வாரம் சைன் பண்ணிடறேன்."

இரண்டு விஷயத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக அவர் சொல்லவில்லை. நானே புரிந்துகொண்டேன்.

பக்கம் நாற்பத்தொன்று. ஓர் உறுப்பினர் மறுபரிசீலனை செய்யக் கேட்டுக்கொண்டார் என்று எழுதினேன். விவாதத்துக்குப் பின் அனைவரும் ஒத்துக்கொண்டார்கள் என்று எழுதினேன். சுத்தமான ஆங்கிலம். அடித்தல் திருத்தல் இல்லை.

மறுநாள் மற்ற நான்கு பேரிடமும் முதலில் கையெழுத்து வாங்கிவிட்டேன். டீ இடைவேளையில் அக்காவின் மேசைக்குப் போனேன். படி என்று அவர் சொல்வதற்கு முன்பே ஆரம்பித்தேன்.

"நீங்க ஒத்துக்கலன்னு போட்டிருக்கேன்க்கா. கேட்ட மூடினது கம்பெனின்னு சொன்னீங்க. தண்ணில நடந்து வந்தது, பாய், தலகாணி, புக்கு, ஞாயித்துக்கிழமைய தர மாட்டேன்னு சொன்னது..."

என் விரல் வரியின் கீழே போய்க்கொண்டிருந்தது. நான் இன்னும் தலையணைக்கே வரவில்லை, வரி முடிந்துவிட்டது. விரலை அதே வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து மறுபடி நகர்த்தினேன்.

"வெரல் இன்னாத்துக்குத் திரும்பிப் போவுது?"

விரலை எடுத்துக்கொண்டேன்.

"நான் இம்மாம் பேசினேன். ரெண்டு வரிதான் கீது." கழுத்தில் தொங்கிய தன் ஐடி கார்டை எடுத்து, பக்கத்தின் மேல் வைத்தார். அதில் அவர் பெயர் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. ஆங்கில எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்தப் பெயரின் உருவம் அவருக்குத் தெரியும். வரிகளின் மேல் கார்டை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார், துணியில் ஓட்டை தேடுவதுபோல. "இந்தப் பேரு இதுல எங்கயும் இல்ல."

சுற்றி நின்றவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர் கத்துவார் என்று நினைத்தேன். ஸ்டிக்கர் தாளை எடுத்தார். ஓர் அம்பை உரித்தார். அதை ரிஜிஸ்டரில் ஒட்டவில்லை. என் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைப் பிடித்து நிறுத்தி, என் பெயரைக் காட்டி ஒட்டினார்.

"ஆல்டர் பண்ணி எட்த்துகினு வாங்க, மேடம்."

குரோம்பேட்டை வரை ரயிலில், அங்கிருந்து பஸ்ஸில், அந்தக் கார்டைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு போனேன். ஏன் உரித்துப் போடவில்லை என்று இன்றும் எனக்குத் தெரியாது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நான் படித்தவள், இவருக்காக என் வேலையை விட வேண்டுமா என்று வழியெல்லாம் மனதுக்குள் சண்டை போட்டேன். வீட்டில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி அது, செவப்பா?"

சொன்னேன். என் பக்கம் நியாயம் இருப்பதுபோலத்தான் சொன்னேன். அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"எனக்கு யாராச்சும் படிச்சிக் காட்டினா நான் பேப்பரையா பாப்பேன்? படிக்கிறவங்க மூஞ்சியத்தான் பாப்பேன். அவளும் உன் மூஞ்சியத்தானே பாத்துகினு இருந்திருப்பா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டே கேட்டார். சந்தேகமாகக்கூட இல்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல.

"நீ பள்ளிக்கூடம் போன நாளா, நீ படிச்சிக் காட்டினதுலதான் நான் எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுகினு வரேன். அதெல்லாம் சரியாத்தானே படிச்ச?"

அதெல்லாம் சரியாகத்தான் படித்தேன். அம்மாவிடம் ஒரு வரியைக்கூட மாற்றிப் படித்ததில்லை. ஆனால் என் அம்மா அப்படிக் கேட்கும்படி நான் செய்துவிட்டேன்.

காலையில் சார் வருவதற்கு முன்பே ஆபீஸுக்குப் போனேன். பக்கத்தைக் கிழிக்க முடியாது. அதனால் நான்கு கையெழுத்துக்கும் கீழே எழுத ஆரம்பித்தேன். மேலே உள்ள இரண்டு வரிகள் தவறு. அவற்றை எழுதியது நான். அன்று நடந்தது இது. பிறகு அவருடைய முழுப்பெயர், தகப்பன் பெயரின் முதல் எழுத்தோடு. அதற்குப் பக்கத்தில் 'டஸ் நாட் அக்ரீ'. ஒத்துக்கொள்ளவில்லை. 'கேட்டுக்கொண்டார்' இல்லை, 'வேண்டினார்' இல்லை. அதன் பிறகு முட்டிக்கால் தண்ணீர், பூட்டிய கேட், பாய், தலையணை, புத்தகம், தனக்குப் பதிலாக யாரும் சம்மதிக்கக் கூடாது என்பது வரை எழுதினேன். பதினோரு வரி. என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்ல ஆங்கிலம் அதுதான் என்று இப்போதும் சொல்வேன். முழு மார்க் வாங்கிய கட்டுரை இதன் பக்கத்தில் நிற்காது.

டீ இடைவேளையில் கொண்டுபோனேன். விரல் வைத்துப் படித்தேன். இந்தத் தடவை விரலும் பேச்சும் ஒன்றாகவே போய் முடிந்தன. அவர் தன் கார்டை எடுத்து அந்தப் பெயரின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒவ்வோர் எழுத்தாகக் கட்டைவிரலால் தடவினார். கையெழுத்துப் போட்டார். பிறகு என் கார்டைப் பிடித்து, நகத்தால் அந்த அம்பை உரித்து, சுருட்டி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டார்.

"போ கண்ணு. டீ ஆறிப்போச்சு."

நான் திரும்பியபோது நாத்தனார் வழியில் நின்றார். "நான் நேத்து போட்டது எந்த எடத்துல?" என்று கேட்டார். காட்டினேன். பேனாவை வாங்கி, தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் தமிழில் 'இவங்க சொன்னதுதான் நானும்' என்று எழுதினார். எழுதிவிட்டு அக்கா பக்கம் பார்க்காமல் மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சார் அன்று மத்தியானம் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"யாரு இப்படி எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். அவங்க பேசினது அதுதான்."

"எனக்குத் தெரியாதா? நானும்தானே அங்க உக்காந்திருந்தேன்."

"அப்ப சரியாத்தான் எழுதியிருக்கேன் சார்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. மேசையில் இருந்த என் கன்ஃபர்மேஷன் லெட்டர் உறையை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். என் தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது. வீட்டில் சொன்னபோது அப்பா, "மூணு மாசம்தானே," என்றார். அம்மா எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

முதல் ஞாயிறு வருகைப் பதிவுக்காக நான் போக வேண்டியிருந்தது. லைனில் இரண்டு இடம் மட்டும் காலி. அக்காவின் மேசைக்கு மேலே ட்யூப்லைட் எரியவில்லை. சரிபார்க்க ஆளில்லாத சட்டைகள் அங்கே குவிந்துகொண்டே போயின. இரண்டாம் ஞாயிறு பாதி லைன் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வேலை இல்லை என்று சனிக்கிழமை சாயங்காலமே எல்லார் போனுக்கும் செய்தி வந்தது. பிறகு ஆடிட்டர் வந்தார். கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நெடுநேரம் நின்று படித்தார், போனில் படமெடுத்தார், கதவைச் சாத்திக்கொண்டு சாரிடம் பேசினார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் இருந்தவரை மழைக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை கேட்கும் பேச்சு அந்தக் கம்பெனியில் மறுபடி வரவில்லை.

அடுத்த வருஷம் அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே ஸ்டிக்கர் கிடையாது, வந்ததை மடித்து அட்டைப்பெட்டியில் வைக்க வேண்டியதுதான். நான்கு மாதம் மடித்தார். பிறகு கூடுவாஞ்சேரிப் பக்கம் வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலையே கிடைத்துப் போய்விட்டார். நானும் கொஞ்ச நாளில் ஜி.எஸ்.டி. ரோட்டில் வேறு ஓர் ஆபீஸுக்கு வந்துவிட்டேன். இங்கேயும் மினிட்ஸ் எழுதுகிறேன். 'அனைவரும் ஒத்துக்கொண்டார்கள்' என்று எழுத வேண்டி வந்தால், அறையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இது இங்கே இருக்கும் சிலருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் இருக்கட்டும்.

இதை எழுதி முடித்ததும் அவருக்குப் போன் செய்து முழுவதும் படித்துக் காட்டினேன். வேறு வழியில்லை. குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். பின்னால் பிரஷர் குக்கர் சத்தம் கேட்டது.

"பேரு போடலயே?"

"போடலக்கா."

"போடாத. போட வேண்டிய எடத்துல போட்டாச்சு. இது சொம்மா கதைதானே."

"சரிக்கா. மத்தபடி சரியா இருக்கா?"

"எனக்கு அப்டி தோணல."

எதிர்பார்த்ததுதான். பேனாவை எடுத்துக்கொண்டேன்.

"ஸ்டிக்கர உன் கார்டுல ஒட்டல. உன் கைல, அந்த வெரல் மேல ஒட்டினேன். அப்புறம் அந்தக் கல்யாணப் பொண்ணு, நான் சொன்னதுக்கு அழல, அவளுக்கு அன்னிக்கி வயித்துவலி. அதெல்லாம் போவட்டும். ஏதோ நீ இங்கிலீஷ்ல எழுதினதாலதான் ஞாயித்துக்கெயம நின்னுச்சுங்கற மாதிரி எழுதிக்கிற பாரு, அதான் தப்பு. நாங்க வரல. வராததாலதான் நின்னுச்சு. நீ எழுதாம இருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். நீ எழுதினதால ஒண்ணும் ஆவல. நான் இத்த ஒத்துக்கலன்னு எழுது. அப்டியே எழுதணும், கொறைக்கக் கூடாது."

"எழுதறேன்க்கா."

"எழுதிட்டுப் படிச்சிக் காட்டு."

எழுதினேன். படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தையும் குறையவில்லை என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் போனை வைத்தார்.

ஆனால் நான் எழுதியதால் ஒன்றும் ஆகவில்லை என்கிறாரே, எனக்கு அப்படித் தோணவில்லை.